மூன்று கதவு அலமாரி

அக்டோபர் 14, திங்கள்

ரத்த அழுத்தம் மறுபடியும் ஏறிவிட்டது. "யார் மேல கோபம் வந்தாலும் கத்தாதீங்க ஆர்லிஸ், ஒரு நோட்டுல எழுதிடுங்க" என்றாள் கிளினிக் நர்ஸ். சரி, எழுதுகிறேன். நோட்டு தீர்ந்தால் அவளே வாங்கித் தரட்டும்.

இன்றைய கோபம் பின்வாசல் நடை மீது. இந்த ஊரில் முன்வாசலை எவன் திறக்கிறான்? பாதிரியார் வந்தால் திறப்போம், வீட்டில் யாராவது செத்தால் திறப்போம். மற்றபடி எல்லாரும் கராஜ் பக்கமாக நடைக்குள் வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் சமையலறைக்குள் கால் வைக்க வேண்டும். அந்த நடை நாற்பத்து நாலு அங்குல அகலம். அதில் பாதியை என் வீட்டுக்காரர் வெர்லினின் சாமான்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கவுண்டி நிர்வாகத்துக்குப் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவருக்கு மூன்று ஜாக்கெட் எதற்கு? கையுறை மட்டும் பதினோரு ஜோடி, அதில் நாலு ஜோடிக்கு ஜோடியே இல்லை. காலையில் ஒரு கையுறையை மிதித்து வழுக்கினேன். கையில், நான் சமைக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பன் தட்டு. விழவில்லை, என் நல்ல காலம்.

அதற்கும் மேலே மாரிட். என் கூடப் பிறந்தவள், ஐந்து வயது இளையவள். அவள் புருஷன் எவளையோ கூட்டிக்கொண்டு அரிசோனா போனபின் வீடு விற்றுப்போய், செப்டம்பரில் எங்கள் கீழ்த்தளத்துக்கு வந்தாள். "தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும்தான்க்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தினமும் ஸ்கூல் பஸ் ஓட்டிவிட்டு வந்து பூட்ஸைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறாள். இது என்ன, லாட்ஜா? அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உருளைக்கிழங்கு உரிக்கும்போது சொன்னேன். "எதுக்குடி வேற இடம் தேடற, இங்கேயே இருந்துடேன்." "ஐயோ, வேணாம்க்கா" என்றாள். உரித்து முடித்தோம்.

அக்டோபர் 16, புதன்

வெர்லினிடம் சொல்லிவிட்டேன், நடைக்கு ஏதாவது மரச்சாமான் வாங்கியே ஆக வேண்டும் என்று. "ம்" என்றார். அது சம்மதம்.

எனக்கு வேண்டியது தெளிவு. பைன் மரத்தில் ஒரு நீள பெஞ்சு. மூடி தூக்கினால் உள்ளே கையுறை, தொப்பி. மேலே வரிசையாகக் கொக்கி. உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றலாம், கண்ணெதிரில் எல்லாம் இருக்கும். பத்து அங்குலமோ பன்னிரண்டு அங்குலமோ ஆழம், அவ்வளவுதான். சொன்னேன். "ம்" என்றார். இது என்ன 'ம்' என்று தெரியவில்லை.

அக்டோபர் 19, சனி

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

டுலூத் நகரத்துக்குப் போனோம், மூவரும். மாரிட்டை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சாயம் பூசாத மரச்சாமான் விற்கிற கடை. கடைக்காரன் புதுசு, டெக்சஸிலிருந்து வந்தவனாம். வாயெல்லாம் பல். போனதும் "காபி சாப்பிடறீங்களா?" என்றான். "வேணாம்" என்றோம், மூன்று பேரும். "சரி!" என்று சொல்லிவிட்டு ஜாடியைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டான்! ஒரே ஒரு தடவை கேட்டான். மனுஷன் முதல் தடவையே 'சரி, கொடு' என்று கையை நீட்டுவானா? முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை எதுக்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால்தானே, சரி அரை கப், என்று வாங்கிக்கொள்ள முடியும்? அந்தக் காபி வாசனையிலேயே ஒன்றரை மணி நேரம் நின்றோம். என்ன வளர்ப்போ.

பைன் பெஞ்சு இருந்தது. அழகாக இருந்தது. நான் அதைத் தடவிக்கொண்டு நிற்கும்போதே அவன் எங்களை இழுத்துக்கொண்டுபோய் ஒரு ஓக் அலமாரி முன்னால் நிறுத்தினான். ராட்சசன். என் உயரத்துக்கு மேல், இருபத்திரண்டு அங்குல ஆழம், தலையில் கிரீடம் மாதிரி செதுக்கல், கதவெல்லாம் திராட்சைக் கொடி. எங்கள் நடைக்குத் திராட்சைக் கொடி!

நான் சொன்னேன்: "வித்தியாசமா இருக்கு."

இதற்குமேல் ஒரு மனுஷி எப்படிச் சொல்வது? இந்த ஊரில் குழந்தைக்குக்கூட அர்த்தம் தெரியும். மாமியார் ஜெல்லியில் கேரட் துருவிப்போட்டுக் கொண்டுவந்தால் சொல்கிற வார்த்தை அது. மாரிட்டும் பார்த்தாள். "ஆமாக்கா, ரொம்ப வித்தியாசமா இருக்கு" என்றாள். அதாவது, கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அந்த டெக்சஸ்காரன் முகம் மலர்ந்துவிட்டது. "இல்லையா பின்ன! வேற எங்கயும் கிடைக்காது!" என்று பில் புத்தகத்தை எடுத்துவிட்டான். அவ்வளவு சந்தோஷப்படுகிறவனிடம் எப்படி வேண்டாம் என்பது? நான் வெர்லினைப் பார்த்தேன். வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"ரெண்டு கதவா, மூணு கதவா?" என்று கேட்டான். காலையிலிருந்து வாயே திறக்காத மனுஷன், அப்போது திறந்தார்.

"மூணு."

இருக்கிறது இரண்டு பேர்! எதற்கு மூன்று? வண்டியில் கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா இந்த ஆளுக்கு? வழியில் டூ ஹார்பர்ஸ் ஊர் வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

தெரிந்துவிட்டது. மூன்றாவது கதவு அவருடைய மீன்பிடி சாமானுக்கு. உறைந்த ஏரியில் துளை போடுகிற துரப்பணம், வாளி, மடக்கு நாற்காலி. வேறு என்ன?

நவம்பர் 3, ஞாயிறு

மாரிட் யாரிடமோ போனில் வாடகை அறை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹிப்பிங்கில், முன்னே கூட வேலை பார்த்தவளின் வீட்டு மாடி. ஹிப்பிங்! இங்கிருந்து ஒன்றரை மணி நேரம், பனி பெய்தால் மூன்று.

"இங்க என்ன இடமா இல்ல? இருடி" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்? நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருந்தீங்க."

நிம்மதியாம். வெர்லின் ஒரு நாளைக்குப் பதினாலு வார்த்தை பேசுகிற வீட்டில் நிம்மதிக்கு என்ன குறை? இவள் வந்தபிறகுதான் சமையலறையில் யாராவது என்னோடு எதிர்வாதம் பண்ணுகிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. அடுப்பைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

நவம்பர் 7, வியாழன்

ராட்சசன் வந்துவிட்டான்.

வெர்லின் போன வாரம் முழுக்க அளந்தார். சுவர் நீளம் அளந்தார், கூரை உயரம் அளந்தார், ஹீட்டர் காற்று வருகிற ஜாலியை மறைக்கக்கூடாது என்று அதையும் அளந்தார். சுவரெல்லாம் பென்சில் கோடு. ஆட்கள் வந்து இரண்டே இடத்தில் இடித்து, அச்சு மாதிரி அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். வெர்லின் தள்ளி நின்று பார்த்து, "மோசமில்ல" என்றார். கல்யாணத்தன்று என்னைப் பார்த்தும் அதையேதான் சொன்னார்.

நாலரை மணிக்கு மாரிட் வந்தாள். பூட்ஸ், பிளாஸ்டிக் பை, கோட்டு. எதிர்ச் சுவரில் இருக்கிற கீழ்த்தளக் கதவை இழுத்தாள். கதவு பாதி வந்து, 'டொக்' என்று அலமாரியில் இடித்து நின்றது.

எல்லாவற்றையும் அளந்தவர் கதவு திறக்கிற இடத்தை அளக்கவில்லை! முப்பது அங்குலக் கதவு. அலமாரி போக மீதி நடை இருபத்திரண்டு அங்குலம். ஒன்றாம் வகுப்புக் கணக்கு!

மாரிட் இடுக்கை எட்டிப் பார்த்தாள். அப்புறம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து, பையை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "பரவாயில்லக்கா, போக முடியுது!"

வெர்லினைப் பார்த்தேன். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. "நகர்த்தணும்" என்றார். எங்கே நகர்த்துவது? இந்தப் பக்கம் ஜாலி, அந்தப் பக்கம் பின்வாசல்.

நவம்பர் 9, சனி

மான் வேட்டை ஆரம்பம். விடிவதற்கு முன்னால் கிளம்பிவிட்டார், தம்பிகளோடு, ஒன்பது நாளைக்கு. அலமாரி நின்ற இடத்தில் நிற்கிறது. "வந்து பாக்கறேன்" என்றார். மான் ஓடிவிடுமாம். நான் எங்கே ஓடப்போகிறேன்?

நவம்பர் 12, செவ்வாய்

மாரிட் துணிக்கூடையோடு மேலே வந்தாள். கூடை நுழையவில்லை. கூடையை உள்ளேயே வைத்துவிட்டு, துணியை ஒவ்வொன்றாக வெளியே நீட்டி, நடையில் அடுக்கி, பிறகு கூடையைச் சாய்த்து எடுத்தாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. சிரித்தாள் வேறு.

கத்தேன்டி! 'எந்த முட்டாள் இதை இங்க வெச்சான்'னு கேளேன்! சின்ன வயசில் என் ஸ்கேட்டிங் ஷூவுக்காக என் தலைமயிரைப் பிடித்து இழுத்தவள்தானே நீ? எங்கே போனாள் அவள்?

நவம்பர் 17, ஞாயிறு

அடுக்கினேன். என் கதவுக்குள் என் கோட்டு, பூட்ஸ், பள்ளி ஏப்ரன். நடுக்கதவுக்குள் வெர்லினின் பதினோரு ஜோடி. மூன்றாவதில் என் கிறிஸ்துமஸ் பெட்டிகளைத் திணித்தேன். மீன்பிடி சாமான் வருவதற்கு முன்னால் நான் பிடித்துக்கொள்கிறேன், பார்க்கலாம்.

மாலை வெர்லின் வந்தார். மான் ஒன்றும் இல்லை. குளித்துவிட்டு வந்து, மூன்றாவது கதவைத் திறந்து, என் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கராஜில் கொண்டுபோய் வைத்தார். துரப்பணத்தையும் வைக்கவில்லை. ஒன்றுமே வைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டார்.

"என்ன இது?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். படுக்கப் போகும்போது பார்த்தால் மறுபடியும் கராஜில் இருந்தன. எனக்கு எதை எடுத்து எறியலாம் என்று இருந்தது. நர்ஸ் இதற்கு என்ன சொல்வாளோ.

நவம்பர் 28, வியாழன். தேங்க்ஸ்கிவிங்

வான்கோழி நன்றாக வந்தது. காட்டரிசி கொஞ்சம் குழைந்துவிட்டது. சாப்பிட்டு முடிந்ததும் மாரிட் சொன்னாள், "ஹிப்பிங் அறையைச் சரின்னு சொல்லிட்டேன்க்கா. அங்க பஸ் டிரைவர் வேலையும் இருக்கு. அடுத்த சனிக்கிழமை போறேன்."

"நல்லது" என்றேன் நான்.

"ம்" என்றார் வெர்லின்.

அவள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யாருக்கும் நான் சுட்ட பூசணி இனிப்பு வேண்டியிருக்கவில்லை. முழுசாக அப்படியே இருக்கிறது.

நல்லதாம்! என் நாக்கை அறுத்துப்போட வேண்டும்.

டிசம்பர் 3, செவ்வாய்

போகட்டுமே. அழைத்தேனா இல்லையா? ஒரு தடவையா? எத்தனை தடவை! ஒருத்தி எத்தனை தடவைதான் கெஞ்சுவாள்? இருக்க இஷ்டம் இல்லாதவளைக் கட்டியா போட முடியும்? நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

அதே நாள், இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, அவளிடம் தேதி போட்டுக் காட்டுவதற்காக நோட்டைப் பின்னால் புரட்டினேன். எத்தனை தடவை கேட்டேன் என்று.

அக்டோபர் 14. "இருந்துடேன்" என்றேன். வேண்டாம் என்றாள்.

நவம்பர் 3. "இருடி" என்றேன். எதுக்குச் சிரமம் என்றாள்.

அப்புறம் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அலமாரி, கையுறை, கதவு, கிறிஸ்துமஸ் பெட்டி. இல்லை. வேறு எங்கேயும் இல்லை. இரண்டே தடவை.

அட கடவுளே. மூன்றாவது தடவை நான் கேட்கவே இல்லை. அவள் வேண்டாம் என்றாள், எதுக்குச் சிரமம் என்றாள், நம் அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி ஒழுங்காக இரண்டையும் சொல்லிவிட்டு ஒரு மாசமாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் ஜாடியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். எனக்கும் அந்த டெக்சஸ்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

டிசம்பர் 5, வியாழன்

இன்று கேட்டுவிடலாம் என்று இருந்தேன். பஸ் பழுது, அவள் தாமதமாக வந்தாள். நேற்றும் கேட்கவில்லை, தலைவலி என்றாள். இதெல்லாம் சாக்கு. பயமாக இருக்கிறது. 'ஹிப்பிங்ல நல்ல இடம்க்கா' என்று சொல்லிவிட்டால்? மூன்றாவது தடவை வேண்டாம் என்றால் அது நிஜமான வேண்டாம். அதற்குமேல் கேட்க முடியாது.

டிசம்பர் 7, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. அவள் கார் பின்வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. துணிப்பைகள் ஏற்றியாயிற்று. கடைசியாக அவள் தையல் மெஷின் பெட்டி. செப்டம்பரில் அலமாரி இல்லாதபோது உள்ளே போன பெட்டி. இப்போது வெளியே வரவில்லை. அவள் படிக்கட்டில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். கதவு 'டொக்', 'டொக்' என்று அலமாரியில் இடித்தது. திராட்சைக் கொடியில் ஒரு இலை பெயர்ந்தது. நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், கையில் அவளுக்குக் கட்டிக்கொடுக்க வைத்திருந்த பூசணி ரொட்டியோடு.

"பரவாயில்லக்கா" என்றாள் இடுக்கு வழியாக. "இது இங்கேயே இருக்கட்டும். அப்புறமா வந்து..."

பரவாயில்லையாம்!

கத்திவிட்டேன். கிளினிக் கிடக்கட்டும். "என்னடி பரவாயில்ல? ஒரு மாசமா எலி மாதிரி நுழைஞ்சு நுழைஞ்சு போற, ஒரு வார்த்தை சொன்னியா? பூட்ஸைப் பையில கட்டிக்கிட்டு அலையற, என் வீடு என்ன பஸ் ஸ்டாண்டா? போகாதடி! இங்கேயே இரு! நான் கேக்கறேன், கேட்டுச்சா? எண்ணிக்கோ, இது மூணாவது தடவை!"

கதவுக்குப் பின்னால் அவள் பெட்டியைப் படியில் இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. வெளியே கார் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நீ எண்ணவே மாட்டியோன்னு நெனச்சேன்" என்றாள்.

"இருப்பியா, மாட்டியா?"

"வெர்லினுக்கு..."

வெர்லின் எனக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார், எப்போது வந்தாரோ. ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தது. என்னை மெதுவாக நகர்த்திவிட்டு, கைநீட்டி அலமாரியின் மூன்றாவது கதவைத் திறந்தார், கதவு இடுக்கில் தெரிகிற அளவுக்கு. உள்ளே காலி. நாலு கொக்கி மட்டும்.

"இது உனக்குத்தான் வாங்கினது, மாரிட்" என்றார். "நீ கேப்பேன்னு இருந்தேன்."

அவள் எப்படிக் கேட்பாள், மரமண்டை மனுஷா? ஏழு வாரம்! வாங்கின நாளிலிருந்து அதை மனசிலேயே வைத்துக்கொண்டு, என் பெட்டிகளைத் தூக்கித் தூக்கிக் கராஜில் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? அவரையும் சேர்த்துத் திட்டினேன். திட்டும்போதே அழுதேன். ரொட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

இடுக்கு வழியாக மாரிட் சொன்னாள், "சரிக்கா. கொஞ்ச நாளைக்கு."

வெர்லின் கீழ்த்தளக் கதவின் கீல்களைக் கழற்ற ஆரம்பித்தார். நான் போய்க் காரை அணைத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

கதவு கராஜில் நிற்கிறது, என் கிறிஸ்துமஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில். கீழேயிருந்து அவள் ரேடியோ சத்தம் அப்படியே மேலே வருகிறது. சூடு எல்லாம் கீழே போகிறது. ஹிப்பிங்குக்கு அவளே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் மூன்று தடவை 'பரவாயில்ல' என்றாளாம்.

ரத்த அழுத்தம் பார்த்தேன். போன தடவையைவிடக் குறைவு. மெஷின் பழுதோ என்னவோ.

ஜனவரி 11, சனி

ரொம்ப நாளாக எழுதவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும், அவ்வளவு கோபம்.

மளிகைச் சாமானோடு பின்வாசலில் நுழைகிறேன், நட்ட நடுவில் அவள் பூட்ஸ். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், பனி உருகி என் கம்பளிச் செருப்பு வரைக்கும் குளம். கோட்டு என் கதவின் மேல் தொங்குகிறது, அவள் கதவு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது! தடுக்கி, முட்டை ஒரு டஜன் போயிற்று.

"மாரிட்! உனக்குன்னு ஒரு அலமாரி இருக்குல்ல? எதுக்குடி இருக்கு அது?"

கீழேயிருந்து, ரேடியோவைக்கூடக் குறைக்காமல், கத்தினாள்:

"அந்தக் கண்றாவியைத் திறக்கவே எனக்குப் பிடிக்கலக்கா! அசிங்கம்! வாங்கின அன்னிக்கே அசிங்கம்!"

வெர்லின் சமையலறையில் தினசரியை மடித்தார். "மோசமில்ல" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

நான் முட்டையைத் துடைத்துவிட்டு, அவள் பூட்ஸை எடுத்து மூன்றாவது கதவுக்குள் எறிந்தேன்.